அட்டையும் சான்றே: மலிவுப் புனைகதை இதழ்ச் சேகரிப்பும் தமிழாய்வும்

வெகுசனப் புனைகதை பற்றிய ஆய்வு தமிழ்த்துறைகளில் இன்று அருகிய பொருளன்று. துப்பறியும் நாவல், குடும்ப நாவல், மாத நாவல் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட ஆய்வேடுகள் தொடர்ந்து அளிக்கப்பட்டு வருகின்றன. எனினும் அவற்றுட் பல, பிற்காலத்தில் நூல்வடிவம் பெற்ற மறுபதிப்பையே ஆய்வு மூலமாகக் கொள்கின்றன. கதை முதன்முதலில் வாசகர் கையை அடைந்த இதழும், அதன் அட்டை, ஆசிரியர் உரை, விளம்பரம், வாசகர் கடிதம் ஆகியனவும் துணைமை மூலங்களின் பட்டியலில்கூட இடம்பெறக் காண்பது அரிது. இதனைக் கவனக்குறைவு என்று மட்டும் கொள்ள இயலவில்லை. எது பனுவல், எது கழிவு என்பது குறித்து நாம் விவாதிக்காமலே ஏற்றுக்கொண்ட ஒரு முடிவு இதன் பின்னே உள்ளது. அம்முடிவு பிழையானது என்பதும், அதனை மாற்றிக்கொள்ள நமக்குள்ள கால அளவைத் தாளின் ஆயுளே வரையறுக்கிறது என்பதும் என் கருத்து.

இத்தகைய இதழ்களைத் திரட்டுவதிலும், அட்டைக்கென வரையப்பட்ட அசல் ஓவியங்களைத் தேடிக் காப்பதிலும் நெடிய அனுபவம் உடையது அமெரிக்கா. அங்கு நேர்ந்ததை முதலில் நோக்குவது நம் நிலையைத் தெளிவுபடுத்தும்.

பிராங்க் மன்சி 1882இல் சிறுவருக்கான வார இதழாகத் தொடங்கிய 'கோல்டன் ஆர்கோசி', பெயரும் நோக்கும் மாறி, 1896இல் முழுதும் புனைகதைக்கே உரிய 'ஆர்கோசி'யாக மலிவான மரக்கூழ்த் தாளில் வெளிவரலாயிற்று. மரக்கூழைக் குறித்த 'பல்ப்' என்னும் சொல் நாளடைவில் அத்தாளில் அச்சான இதழுக்கும், அவ்விதழில் வந்த எழுத்துக்கும், இறுதியில் ஓர் இகழ்ச்சிக்கும் பெயராயிற்று. ஏறத்தாழ 7 அங்குல அகலம், 10 அங்குல உயரம்; பெரும்பாலும் 128 பக்கம்; ஓரம் சீவப்படாத, சொரசொரப்பான, விரைவில் பழுப்பேறும் உள்தாள். அட்டை மட்டும் வழவழப்பான தாளில் பல வண்ணத்தில் அச்சிடப்பட்டது. உள்ளே சிக்கனமும் வெளியே செலவுமாக அமைந்த இம்முரண்பாடே அவ்விதழ்களின் பொருளாதாரத்தைச் சொல்லிவிடுகிறது. கடையில் தொங்கும் பல இதழ்களுள் ஒன்றை நோக்கிக் கை நீளச் செய்வது அட்டை. ஆகவே ஓவியருக்குக் கொடுத்த பணம் வீண் செலவாகக் கருதப்படவில்லை.

இவ்விதழ்களில் வந்த எழுத்து முழுதும் மறக்கப்பட்டுவிடவில்லை. எச்.எல். மென்கெனும் ஜார்ஜ் ஜீன் நாதனும் தாங்கள் நடத்திய 'ஸ்மார்ட் செட்' என்னும் இலக்கிய இதழின் பணமுடையைப் போக்கவே 1920இல் 'பிளாக் மாஸ்க்' இதழைத் தொடங்கினர். அதில்தான் டேஷியல் ஹேமெட்டின் 'மால்டீஸ் ஃபால்கன்' 1929 செப்டம்பர் முதல் 1930 சனவரி வரை ஐந்து பகுதிகளாக வந்தது. 1930இலேயே க்னாஃப் நிறுவனம் அதனை நூலாக வெளியிட்டபோது ஹேமெட் அதில் திருத்தங்கள் செய்திருந்தார். கெட்டி அட்டையுடன் வந்தது 'நாவல்' எனப்பட்டது. இதழில் வந்தது 'பல்ப்' எனப்பட்டது. இவ்விரண்டையும் ஒப்பிட விரும்பும் பதிப்பாசிரியருக்கு இன்று வேண்டியது அந்த ஐந்து இதழ்கள். அவற்றை அன்று போற்றிக் காத்தவர்கள் பெரும்பாலும் கல்விப்புலத்திற்கு வெளியே இருந்த சேகரிப்பாளர்கள்.

கதைக்குப் படம் என்பதே நாம் வழக்கமாகக் கொள்ளும் வரிசைமுறை. அது எப்போதும் உண்மையாக இருந்ததில்லை. ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் 1926 ஏப்ரலில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' அதே ஆண்டு டிசம்பர் இதழின் அட்டையில் பிராங்க் ஆர். பால் வரைந்த படம் ஒன்றை வெளியிட்டு, அப்படத்திற்குப் பொருந்தும் கதையை எழுதி அனுப்புமாறு வாசகர்களுக்குப் போட்டி அறிவித்தது. அதில் மூன்றாம் பரிசு பெற்ற கிளேர் விங்கர் ஹாரிஸ், அறிவியல் புனைகதை இதழ்களில் தம் சொந்தப் பெயரில் எழுதிய முதற் பெண்மணியாக இன்று குறிக்கப்படுகிறார். அவருடைய கதை 1927இல் அவ்விதழில் வெளிவந்தது. அக்கதையை நூல்வடிவில் மட்டும் படிப்பவருக்கு அது ஏதோ விநோதக் கற்பனையாகவே தோன்றும். ஓர் ஓவியத்திற்கு எழுதப்பட்ட விடை அது என்னும் செய்தி அட்டையில்தான் இருக்கிறது.

'வியர்ட் டேல்ஸ்' இதழின் நிலை இதனினும் சிக்கலானது. 1930களின் நடுப்பகுதியில் அதன் அட்டைகளை இடைவிடாது வரைந்தவர் சிக்காகோவைச் சேர்ந்த மார்கரெட் பிரண்டேஜ். 'எம். பிரண்டேஜ்' என்று மட்டுமே அவர் ஒப்பமிட்டமையால், ஆடை குறைந்த அம்மங்கையரைத் தீட்டியது ஒரு பெண்ணின் கை என்பது வாசகர்க்குப் பின்னரே தெரிய வந்தது. தம் கதை அட்டைக்குத் தெரிவாக வேண்டும் என்பதற்காக எழுத்தாளர் சிலர் அத்தகைய காட்சியொன்றைக் கதைக்குள் வலிந்து சேர்த்தனர் என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. அது உண்மையாயின், கதையின் ஒரு பகுதியை ஓவியமே எழுதியிருக்கிறது என்றாகும். கதைப்பின்னலை ஆராய்பவர் இதனைப் புறக்கணித்துவிட்டு 'தேவையற்ற காட்சி' என்று குறைகூறினால் அது பாதித் திறனாய்வே.

அச்சான அட்டையின் கதை இதுவென்றால், அசல் ஓவியங்களின் கதி வேறு. பிரண்டேஜ் பயன்படுத்தியது பாஸ்டல் வண்ணக்கட்டி. விரல் பட்டாலே கலையும் இயல்புடையது. ஏனையோர் பெரும்பாலும் கித்தானில் எண்ணெய் வண்ணம் கொண்டு, அச்சில் வருவதைவிடப் பெரிய அளவில் தீட்டினர். அட்டை அச்சானதும் அவ்வோவியத்தின் பயன் முடிந்தது. அது வெளியீட்டாளரின் கிடங்குக்குப் போயிற்று. 'ஷேடோ', 'டாக் சாவேஜ்' ஆகியவற்றை வெளியிட்ட ஸ்ட்ரீட் அண்டு ஸ்மித் நிறுவனம் 1949இல் தன் பல்ப் இதழ்கள் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. 1959இல் அந்நிறுவனமே கைமாறியது. அதன் அலுவலகப் பதிவேடுகள் சிராகியூஸ் பல்கலைக்கழக நூலகத்தை அடைந்து இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன. ஓவியங்களுக்கு அத்தகைய புகலிடம் வாய்க்கவில்லை. அத்துறை முழுவதிலும் வரையப்பட்டவற்றுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றையும் தேடியெடுத்தவர்கள் ராபர்ட் லெசர் போன்ற தனிமனிதர்களே. அவருடைய சேகரிப்பு 2003இல் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னர் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் அருங்காட்சியகத்திற்கு உரியதாயிற்று. குப்பைக்கும் அருங்காட்சியகத்திற்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் அவ்வோவியங்களுக்கு வீடாக இருந்தது சேகரிப்பாளரின் சுவர்தான்.

நூலகங்கள் என்ன செய்தன? அமிலத்தன்மை கொண்ட தாள் நொறுங்கும் என்ற அச்சத்தால் நாளிதழ்களையும் பருவ இதழ்களையும் நுண்படச் சுருளாக மாற்றி, மூலத்தைக் கழித்துவிட்ட நூலகங்கள் பல. இப்போக்கை நிக்கல்சன் பேக்கர் 2001இல் வெளியிட்ட 'டபுள் ஃபோல்ட்' என்னும் நூல் கடுமையாகச் சாடியது. அவருடைய முடிவுகளை நூலகவியலார் பலர் மறுத்தனர். அவ்விவாதத்துள் இங்குப் புகவேண்டியதில்லை. கருப்பு வெள்ளை நுண்படத்தில் வண்ண அட்டை என்னவாகும் என்ற ஒரு வினாவே நம் நோக்கத்திற்குப் போதுமானது.

சேகரிப்பாளரை நான் இங்கு உயர்த்திப் பிடிப்பதாகக் கொள்ளவேண்டா. அவருடைய சந்தைக்கும் தனக்கே உரிய குருட்டுத்தன்மை உண்டு. முனை மடங்காத படிக்கு ஒரு விலையும், முதுகு கிழிந்த படிக்கு வேறொரு விலையும் வைக்கும் சந்தை, நாளடைவில் இதழைப் படிக்கும் பொருளாகவே கருதுவதில்லை. நெகிழி உறைக்குள் முத்திரையிடப்பட்ட இதழை எவரும் புரட்டுவதில்லை. அட்டையை மட்டும் தனியே வெட்டிச் சட்டமிட்டு விற்பதும் உண்டு. நூலகர் அட்டையை எறிந்து கதையை வைத்துக்கொண்டார் எனில், இவர் கதையை எறிந்து அட்டையை வைத்துக்கொள்கிறார். இருவருமே இதழைக் கொன்றவர்கள்தாம். ஆனால் ஒரு வேறுபாடு: முழு இதழைப் பழைய பெட்டியில் போட்டு மறந்துபோன எளிய சேகரிப்பாளர் எங்கோ ஒருவர் எப்போதும் இருக்கிறார். ஆய்வுலகம் கடன்பட்டிருப்பது அவருக்கே.

இனித் தமிழுக்கு வருவோம். பனுவலோடு சேர்ந்து வரும் புறக்குறிப்பின் மதிப்பை அறியாத மரபன்று நம்முடையது. புறநானூற்றுப் பாடல்களின் இறுதியில் உள்ள கொளுக் குறிப்புகள் இல்லையாயின் பாடியவர் யார், பாடப்பட்டோர் யார், திணையும் துறையும் யாவை என்பவற்றுள் பெரும்பகுதி நமக்குத் தெரிந்திருக்காது. அக்குறிப்புகள் பிற்காலத்தன என்று கருதுவோரும் அவற்றை நீக்கிப் பதிப்பிப்பதில்லை. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிச் சென்ற ஊர்களின் பெயரையும் ஏடு உதவியோர் பெயரையும் முகவுரையில் பதிவு செய்தார். ஓர் ஓலையின் விளிம்பில் உள்ள எழுத்துக்கு இவ்வளவு மதிப்பளித்த புலமை, அச்சிதழின் விளிம்புக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்வது வியப்பளிக்கிறது.

தமிழில் இவ்வகை எழுத்தின் வரலாறு இதழோடு பிரிக்கவியலாதபடி பிணைந்தது. 1915இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி'யின் ஆசிரியராக விளங்கிய ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில வெகுசன எழுத்தாளரைத் தழுவி எழுதினார். 1925இல் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவல்கள் அவ்விதழ் வழியாகவே வாசகரை அடைந்தன. இவற்றுக்கும் முன்னரே குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. அவற்றை நெடுங்காலம் எந்தப் புலவரும் பொருட்படுத்தவில்லை. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' 2004இல் வந்த பிறகே அவை ஆய்வுப்பொருளாகப் பரவலான ஏற்பைப் பெற்றன. அந்நூலை எழுத முடிந்தது எதனால் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். எவரும் மதிக்காத காலத்தில் எவரோ அவற்றை எடுத்து வைத்திருந்ததனால்.

அத்தகையோருள் தலையாயவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. நூல், இதழ் என்று நில்லாமல் நாடக அறிவிப்பு, அழைப்பிதழ் முதலிய சிறுவெளியீடுகளையும் அவர் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் அச்சேகரிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் பெற, 1994இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. முத்தையா தொழில்முறையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் என்பதை நாம் பெரும்பாலும் ஓர் வாழ்க்கைக் குறிப்பாக மட்டுமே சொல்லிக் கடந்துவிடுகிறோம். எழுத்தின் முகத்தோற்றமும் பொருளுடையது என்பதை அறிந்த கண் அது. தமிழ்ப் பேராசிரியர் எவருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாத நாவலுக்கு இன்னும் ஒரு முத்தையா கிடைக்கவில்லை. 1969இல் தொடங்கிய 'ராணி முத்து' தன் முதல் வெளியீடாகத் தந்தது அகிலனின் 'பொன்மலர்'. சில ஆண்டுகளில் ஞானபீட விருது பெறவிருந்த ஓர் எழுத்தாளர், பேருந்து நிலையக் கடையில் வார இதழ்களோடு சேர்த்துத் தொங்கவிடப்பட்டார். பனுவல் ஒன்றே, வடிவம் இரண்டு. கெட்டி அட்டை நூலைப் படித்தவரும் மாத நாவலைப் படித்தவரும் ஒரே வாசகர்தாமா? விலை, விற்ற இடம், அட்டையில் தீட்டப்பட்ட நாயகியின் தோற்றம், பின்னட்டை விளம்பரம் ஆகியவற்றைக் கொண்டே இதற்கு விடை தேட முடியும். 'இலக்கியம்', 'வணிக எழுத்து' என்ற பிரிவினையைப் பனுவலின் உள்ளிருந்தே வரையறுத்துவிடலாம் என நம்புவோர் இந்த ஒரு சான்றை எதிர்கொள்ள வேண்டும். பின்னர் மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் எனப் பெருகிய வெளியீடுகளில் ராஜேஷ்குமார் மட்டும் எழுதியவை ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. இவற்றின் முழுத் தொகுதி எந்தத் தமிழ்த்துறை நூலகத்திலாவது உண்டா என்பது நாம் ஒவ்வொருவரும் நம் நூலகத்தில் கேட்டறிய வேண்டிய வினா.

இல்லாமைக்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று, வகைப்பாடும் காரணம். மாத நாவல் பருவ இதழாகப் பதிவு பெற்று வெளிவருவது. நூலகத்தில் அது நூலாகச் சேர்வதில்லை. ஆகவே ஆசிரியர் பெயரில் அட்டவணைப் பதிவு இராது. இதழாகச் சேர்ந்தால், ஆண்டு முடிந்ததும் பழைய இதழ்களோடு எடைக்குப் போகும். தப்பிப் பிழைத்தவை கட்டடம் செய்யப்படும்போது, முதலில் நீக்கப்படுவன அட்டையும் விளம்பரத் தாள்களும். தையலுக்குத் தடித்த தாள் இடையூறு என்பது கட்டுவோரின் நியாயம். அதன் விளைவாக ஆய்வாளர் கைக்கு வரும் தொகுதியில் மாதமும் விலையும் ஓவியர் பெயரும் இல்லை. மறுபதிப்பின் ஆண்டையே வெளியீட்டாண்டாக ஆய்வேடு குறிக்கிறது. டிரங்க் காலுக்காகக் காத்திருக்கும் துப்பறிவாளர் இருபத்தோராம் நூற்றாண்டின் பாத்திரமாகிவிடுகிறார்.

வீடுகளில் நடந்த சேகரிப்பு இதற்கு நேர்மாறானது. வார இதழ்களில் வந்த தொடர்கதையின் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வாரவாரம் அடுக்கி, இறுதியில் தைத்துக் கட்டிவைப்பது தமிழ்க் குடும்பங்களில், குறிப்பாகப் பெண்களிடையே, ஒரு தலைமுறையின் வழக்கமாக இருந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முதன்முதலில் வந்தபோது மணியம் தீட்டிய படங்கள் பலருக்கு இன்றும் கிடைப்பது இத்தகைய கட்டுப் புத்தகங்களில்தான். பிற்காலத்தில் அதே தொடர் மீண்டும் வெளிவந்தபோது வினு, மணியம் செல்வன், பத்மவாசன் ஆகியோர் வெவ்வேறாக வரைந்தனர். வந்தியத்தேவனின் முகம் தலைமுறைதோறும் மாறியதை ஆராய விரும்புவோருக்கு இந்தக் கட்டுகளைவிடச் சிறந்த மூலம் இல்லை. இவற்றிலும் குறை உண்டு: இதழின் அட்டையும் நாளும் போய்விட்டன. ஆயினும் படத்தையும் கதையையும் பிரிக்கலாகாது என்ற தெளிவு அக்குடும்பத் தலைவியருக்கு இருந்தது. படங்களைக் கைவிட்டு வெளியிட்ட மலிவுப் பதிப்பாளருக்கு அது இல்லை.

இலங்கையில் 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் எண்ணிம வடிவில் சேர்க்கும் வெளியீடுகளின் பதிவுப் பக்கத்தில் முகப்பு அட்டையைக் காட்டுவது கவனிக்கத்தக்கது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்திற்கு, எஞ்சியிருப்பதில் எதை விடலாம் என்ற கேள்வியே எழுந்திராது போலும்.

தரமற்ற எழுத்துக்கு இத்தனை முயற்சி வேண்டுமா என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. காப்பது வேறு, போற்றுவது வேறு. அமெரிக்க அட்டைகளில் கீழைநாட்டவர் கொடியவராகவும் மாயவித்தைக்காரராகவும் தீட்டப்பட்டனர். பெண்ணைக் கட்டுண்டவளாகவோ அலறுபவளாகவோ காட்டுவது அங்கும் இங்கும் பொது. நம் மாத நாவல் அட்டைகளில் பெண்ணுடல் எவ்வாறு விற்பனைக் கருவியாயிற்று என்பதைக் கண்டிக்க விரும்பும் பெண்ணிய ஆய்வாளருக்கும் அந்த அட்டை வேண்டும். உள்ளே கண்ணியமான குடும்பக் கதையும் வெளியே அதற்குத் தொடர்பற்ற திரைநடிகையின் படமும் இருந்தால், அம்முரண்பாடே ஆய்வுக்குரிய செய்தி. மறுபதிப்பு இதனைத் துடைத்துத் தூய்மையாக்கித் தருகிறது. நாமும் அந்தத் தூய்மையை நம்பிவிடுகிறோம்.

பல்கலைக்கழக நிதி பற்றிய கவலை எனக்கும் உண்டு. ஆனால் உடனடியாகச் செய்யத்தக்கவை பெரும்பொருள் வேண்டுவன அல்ல. ஆய்வேட்டின் மூலப் பட்டியலில், கதை முதலில் வந்த இதழின் மாதத்தையும் வெளியீட்டு எண்ணையும் தரவேண்டும் என்று நெறியாளர் கேட்கலாம். கிடைக்காவிடில் கிடைக்கவில்லை என்று எழுதச் சொல்லலாம். பழைய இதழ்களைக் கழிக்குமுன் அட்டைகளை நிழற்படமாவது எடுத்து வைக்கலாம். முதுகலை மாணவர் ஒருவர் தம் ஊர்ப் பழைய புத்தகக் கடையில் ஓராண்டு திரட்டுவது, ஏற்கெனவே நூறு முறை ஆராயப்பட்ட ஒரு நாவலைப் பற்றிய நூற்றோராவது ஆய்வைக் காட்டிலும் பயனுடையது என்று சொல்லத் துணிகிறேன். திரட்டியவற்றுக்கு ஒட்டுநாடா ஒட்டுவதும் நெகிழித் தகடு பொதிவதும் கூடா. அமிலமற்ற தாளுறையும், ஈரமும் வெயிலும் படாத அலமாரியும் போதும்.

அசல் ஓவியங்களே உண்மையில் அவசரமானவை. கோபுலு 2015இலும் மாருதி 2023இலும் மறைந்தனர். ஜெயராஜ், ஷ்யாம் முதலியோரின் கோடுகளைப் பார்த்த அளவில் இனங்காணும் வாசகர் ஆயிரக்கணக்கானோர் இருந்தும், அவ்வோவியங்கள் அச்சகத்திலிருந்து திரும்பினவா, உரிமை எவருக்கு இருந்தது, எந்த அளவுத் தாளில் எவ்வகை வண்ணத்தில் வரையப்பட்டன என்பவற்றைக் கேட்டுப் பதிவு செய்த நேர்காணல்கள் நம் ஆய்விதழ்களில் இல்லை. கணினியில் உருவாகும் அட்டை வழக்கிற்கு வந்தபின் 'அசல்' என்ற பொருளே இல்லாமற் போய்விட்டதால், கையால் வரையப்பட்ட காலம் இப்போது முடிந்த, எல்லை வரையறுக்கத்தக்க ஒரு காலப்பகுதியாகிவிட்டது. அட்டையின் கீழ் மூலையில் ஓவியரின் ஒப்பம் பெரும்பாலும் இருக்கும். அச்சிட்டபின் ஓரம் சீவுகையில் பாதி வெட்டுண்டிருப்பதும் உண்டு. அப்போது பதிப்பாளர் பெயரும் அச்சக முகவரியும் உள்ள பக்கத்தில் 'அட்டைப்படம்' என்ற குறிப்பைத் தேடவேண்டும். அங்கும் இல்லையெனில், அடுத்த மாத இதழின் வாசகர் கடிதப் பகுதியில் எவரேனும் ஒருவர் ஓவியரைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கக்கூடும்.